பத்துக்குப் பத்து

எங்கள் காற்றாலைப் பண்ணையில் அவருக்குக் கழுகுக்கண் அக்கா என்று பெயர். இரவில் காற்றாடி இறக்கைகளில் அடிபட்டு விழும் வௌவால்களை, விடிந்ததும் கோபுரம் கோபுரமாக நடந்து தேடி எடுத்துக் கணக்குக் கொடுப்பது அவர் வேலை. நான் அவருக்கு உதவியாளன். வேகமாக நடந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

"ஓட்டப்பந்தயத்துக்கா வந்திருக்க? கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாருடா."

நான் சேர்ந்த ஆறாவது வருடம் சர்க்கரை நோய் அவர் கண்ணில் கைவைத்தது. எதிரிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் தடவித் தேடியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் அவர் கணவர் படுத்த படுக்கை. இந்த வேலை போனால் வேறு கதியில்லை. அவரும் சரி, நானும் சரி, இதை வெளியே சொல்லவில்லை.

தேடுகிறவருக்கும் வருடத்துக்கு ஒரு சோதனை உண்டு. காலில் கறுப்பு நூல் கட்டிய பத்துச் செத்த வௌவால்களை அவருக்குத் தெரியாமல் நான் போட்டுவைக்க வேண்டும். அந்த வருடம் எங்கெங்கே போடப்போகிறேன் என்பதை முந்தின நாளே அவர் காதில் ஓதிவிட்டேன். பத்துக்குப் பத்து எடுத்தார்.

பெரிய புண்ணியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். மடையன் நான். பத்தில் ஐந்தை மட்டும் எடுத்திருந்தால், பாதி கண்ணில் படாமல் போகிறது என்று செத்தவற்றின் கணக்கை இரட்டிப்பாக்கியிருப்பார்கள். பத்தையும் எடுத்தால் எதுவுமே தவறவில்லை என்று அர்த்தம். அந்தப் பருவம் முழுக்க அக்கா தனியாகவே நடந்து எடுத்தவை ஆறு. செத்தவையும் ஆறுதான் என்று அறிக்கை போனது. ஆறு வௌவாலுக்காக யார் காற்றாடியை நிறுத்துவார்கள்? காற்று மெல்ல வீசும் இரவுகளில்தான் அவை அதிகம் பறக்கும். அந்த இரவுகளிலும் எல்லாம் சுற்றின.

பருவம் முடிந்ததும் புல் வெட்டுகிறவர் ஒரு வாளியோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"ஒம்பதாவது கோபுரத்துக்கு அடியில மட்டும் இவ்வளவு கெடந்துச்சு."

பதினேழு வௌவால்கள், காய்ந்து சருகாகிக் கிடந்தன. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். நூல் இருக்கிறதா என்று கால்களைத் தடவினார். எதிலும் இல்லை.

"இதுங்க மேலதான் தெனமும் நடந்திருக்கேன், தம்பி," என்றார்.

அவர் நேராக அறிக்கை எழுதும் அதிகாரி அம்மாவின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"எங்க போட்டாங்கன்னு நான்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குக் கண்ணு சரியில்ல. திரும்பச் சோதன வைங்கம்மா."

நான் கல்லுளிமங்கன் மாதிரி நின்றேன். பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மறுசோதனையில் பத்துக்கு ஒன்றுதான் எடுத்தார். அறிக்கையில் ஆறு அறுபதானது. மெல்லிய காற்று வீசும் இரவுகளில் இப்போது காற்றாடிகள் நிற்கின்றன. அக்காவின் வேலை போய்விட்டது. அவர் இடத்தில் நான் நடக்கிறேன். எந்தப் புல்லில் கால் வைத்தாலும் உடம்பு கூசுகிறது.

போன வாரம் அவரைத் தெருவில் பார்த்தேன். குனிந்து, ஒவ்வோர் அடியாகக் காலால் தடவித் தடவி வந்தார். நடைபாதையில் எதுவோ கிடந்தது. நின்றுவிட்டார்.

"எலதான்க்கா. மிதிச்சிட்டு வாங்க."

குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ சொல்லாத, தம்பி," என்றார்.

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதைக் கையில் எடுத்தார். காம்பு தட்டுப்படும்வரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.