சந்தன சோப்பு போட்ட எஞ்சின்

அறுபத்தஞ்சோ அறுபத்தாறோ, குத்தாலத்துல சாரல் பிச்சு உதறுன ஒரு சீசன். நான் அப்போ பாளையங்கோட்டையில பி.எஸ்சி. பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம். லீவுக்குத் தென்காசியில அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். அத்தானுக்கு ஒரு பழைய டாக்ஸி. அந்த எஞ்சின் ஓடுனாதான் அக்கா வீட்டுல அடுப்பு எரியும்.

அன்னைக்குக் காலையில அத்தான் ஆயில் மாத்திக்கிட்டு இருந்தாரு. பழசு வடிஞ்சிருச்சு. "அத்தான், நீங்க போய்ச் சாப்பிடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்"னு சொன்னேன். "மாப்ள, ஆயில் தொட்டி அடி போல்ட்ட ரொம்ப முறுக்கிராதீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நம்மகிட்ட அதெல்லாம் எடுபடுமா? நெம்புகோல் தத்துவம் படிச்ச ஆளுல்லா! ஸ்பேனரோட வால்ல ஒரு நீளக் குழாயச் சொருகி, கார் அடியில படுத்துக்கிட்டு ஒரு அமுக்கு.

'மொளுக்'னுச்சு. அம்புட்டுதான். அதுக்கு மேல போல்ட்டு சும்மா சுத்துது. ஆயில் தொட்டி அலுமினியம், போல்ட்டு இரும்பு. தொட்டியில போல்ட்டப் பிடிக்குத மரை பூராவும் வழிச்சுக்கிட்டு வந்துருச்சு.

உடனே போய்ச் சொல்லியிருக்கணும். சொன்னா மானம் போயிருமே! கிணத்தடியில அக்காவோட சந்தன சோப்பு இருந்துச்சு. ஒரு துண்டு கிள்ளி, தையல் நூலோட சேத்துப் பிசைஞ்சு, போல்ட்டச் சுத்தி அப்பி உள்ள திணிச்சேன். போல்ட்டு அசையாம நின்னுச்சு. புது ஆயிலையும் ஊத்திட்டேன். சாயந்தரம் கமுக்கமா ஏதாவது பட்டறைக்குக் கொண்டு போயிருவோம்னு நெனப்பு.

அதுக்குள்ள ஒரு ஆள் ஓடி வாரான். குத்தாலம் லாட்ஜுல இருந்து மதுரைக் குடும்பம் ஒண்ணு ஆரியங்காவு போகணுமாம், உடனே வண்டி வேணுமாம். ஆரியங்காவுன்னா மலை ரோடு.

அத்தான் சாவிய எடுத்துக்கிட்டு, "டைட்டா இருக்குல்லா மாப்ள?"ன்னு கேட்டாரு.

"கல்லு மாதிரி இருக்கு அத்தான்."

வண்டி போயிருச்சு. அது நின்ன இடத்துல பாத்தா, தரையில ரெண்டு சொட்டு.

உள்ள வந்தேன், வெளிய போனேன், தின்ன எடுத்ததத் திங்காம வச்சேன். எஞ்சின் சூடானா சோப்பு உருகும். உருகுனா ஆயில் போகும். ஆயில் போனா எஞ்சின் ஜாமு. "என்னலே, கால்ல வெந்நிய ஊத்துன மாதிரி அலையுத?"ன்னா அக்கா. அவ முகத்தப் பாக்க முடியல. பக்கத்து வீட்டு சைக்கிள எடுத்துக்கிட்டு மிதிச்சேன் பாருங்க, செருப்பு போடக்கூட நிக்கல.

ஈர ரோட்டுல எங்கன பாத்தாலும் வானவில் கலர்ல வட்டம் வட்டமா கிடக்கு. எங்க ஆயில்தான். முதல்ல நூறு அடிக்கு ஒண்ணு, அப்புறம் அம்பது அடிக்கு ஒண்ணு. லாட்ஜு வாசல்ல ஒரு பெரிய குளமே கிடந்துச்சு. எண்ணெய் தேச்சு விடுத அண்ணாச்சி ஒருத்தரு அங்கன உக்காந்திருந்தாரு. "அந்த டாக்ஸியா? இப்பத்தான் செங்கோட்டை ரோட்டுல போச்சு. ஏன் தம்பி, அதுவும் எண்ணெய்க் குளியலுக்கா வந்துச்சு?"ன்னாரு. சிரிக்க எங்க நேரம்? மிதி மிதின்னு மிதிச்சேன்.

செங்கோட்டைக்கு முன்னால, கொல்லம் ரயிலுக்காகத் தண்டவாளக் கேட்டச் சாத்தியிருந்தான். சாத்துனவன் நல்லா இருக்கணும்! வரிசையில நம்ம டாக்ஸி நிக்குது, எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு.

"அத்தான், ஆஃப் பண்ணுங்க! ஆயில் ஒழுகுது!"

அத்தான் இறங்கி ஆயில் அளவு பாக்குத கம்பிய உருவிப் பாத்தாரு. நுனியில கூட ஒட்டல. "இன்னும் ரெண்டு மைல் போயிருந்தா எஞ்சின் செத்துருக்கும். ரோட்டுல ஒழுகுனதப் பாத்துட்டா மாப்ள இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தீங்க?"ன்னு தோள்ல தட்டுனாரு. பின்னால உக்காந்திருந்த மதுரைக்காரம்மா, "இப்படி ஒரு மச்சினன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்"னாங்க. நானும் வெக்கமில்லாம தலைய ஆட்டுனேன்.

கேட்டுக்குப் பக்கத்துலயே ஒரு பட்டறை. வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனோம். மெக்கானிக்குக்கு என் வயசுதான் இருக்கும், மலையாளம் கலந்த பேச்சு. அடியில படுத்து போல்ட்டத் தொட்டான், கையோட வந்துருச்சு. கூடவே நூலும் வந்துச்சு. மழைத் தண்ணி பட்டு உள்ளங்கையில நுரை பொங்குது.

"எந்தா அண்ணாச்சி, எஞ்சினுக்கு யாரு சோப்பு போட்டது?"

எல்லாரும் சிரிச்சாங்க. அத்தான் மட்டும் அத வாங்கி மோந்து பாத்தாரு. தினமும் அக்கா மேல வர்ற வாசனையாச்சே. மெதுவா என்னப் பாத்தாரு. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் உடைஞ்சு போச்சு. குழாய் சொருகுனது, நூல் சுத்துனது, கல்லு மாதிரின்னு சொன்னது, எல்லாத்தையும் அத்தன பேரு முன்னாலயும் கொட்டிட்டேன். மதுரைக்காரம்மா அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்ல.

அத்தான் அடிக்கல, ஏசல. மெக்கானிக் ஓட்டையப் பெரிசாத் துளைச்சு, புது மரை வெட்டுத டேப்பக் கையில எடுத்தப்போ, "அவர்கிட்ட குடு. கெடுத்தவரே வெட்டட்டும்"னாரு.

வாங்கிக்கிட்டு கார் அடியில படுத்தேன். ஒரே மூச்சுல திருகப் போனேன். "ஓய் காலேஜு!"ன்னு கத்துனான் மெக்கானிக். "அரைச் சுத்து முன்னால போனா கால் சுத்து பின்னால வா. இல்லன்னா வெட்டுன சீவல் உள்ள அடைச்சு டேப்பு உடையும். அப்புறம் தொட்டியே போச்சு." ஒரு மணி நேரம் சேத்துல முதுகு ஊறக் கிடந்து, முன்னால அரை, பின்னால கால்னு திருகுனேன். கொஞ்சம் பெரிய போல்ட்டாப் போட்டு, குழாய் இல்லாம, வெறும் மணிக்கட்டு பலத்துல முறுக்கி, ஆயில் ஊத்துனோம். ஒரு சொட்டு விழல. வண்டி கண்ணுக்கு மறையுத வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்.

சாயந்தரம் அத்தான் வீட்டுக்கு வந்தாரு. "என் சோப்ப எந்தப் பரதேசி கிள்ளுனது?"ன்னு அக்கா கத்துறா. "எஞ்சின் அழுக்கா இருந்துச்சு, நானும் மாப்ளயும் குளிப்பாட்டுனோம்"னு சொல்லிட்டு அத்தான் கை கழுவப் போயிட்டாரு. அதோட சரி. அந்தப் பேச்ச அவரு அப்புறம் எடுத்ததே இல்ல.

இப்பவும் யாராவது என்கிட்ட "எல்லாம் சரியா இருக்கா"ன்னு கேட்டா, இருக்குன்னு வாயத் தொறக்குததுக்கு முன்னால, மனசுக்குள்ள ஒரு கால் சுத்து பின்னால போய்ப் பாத்துக்கிடுதேன்.