மௌத்தானோர் பட்டியலில் எஞ்சின் ஜவுபர்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் படகு வைத்திருக்கிற எல்லோருக்கும் எஞ்சின் ஜவுபரைத் தெரியும். திக்கித் திக்கி ஓடும் எஞ்சினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். ஐம்பத்தேழு வயதான அவர், தன் நெஞ்சில் இரண்டு மாதமாகக் கேட்ட சத்தத்தை மட்டும் கடற்காற்று என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல், கிணற்றடியில் அவர் கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அப்னா என்ற பெண் வந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் ஓர் ஆராய்ச்சிக் குழு ஊருக்கு வந்து பலருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருந்தது. அவர்களில் இறந்துபோனவர்களின் வீடுகளுக்குப் போய், என்ன நோயால் இறந்தார்கள் என்று கேட்டு டெப்லட்டில் பதிவது அவளுடைய வேலை. கதவைத் திறந்த அவர் மனைவி உம்முவிடம், ஜவுபர் மாமா மௌத்தான செய்திக்குத் தலைகுனிந்து கவலை தெரிவித்தாள்.

உம்மு கிணற்றடிப் பக்கம் திரும்பினார்.

"இஞ்ச வாங்க. நீங்க மௌத்தாம்."

ஜவுபர் துவாயோடு வந்து டெப்லட்டைப் பார்த்தார். பெயர் சரி, தெருவும் சரி, பிறந்த வருடம் மட்டும் வேறு. அதே தெருவில் போன வருடம் காலமான இன்னொரு ஜவுபரின் மரணப் பதிவை யாரோ இவருடைய எக்ஸ்ரேயோடு சேர்த்துவிட்டிருந்தார்கள்.

அப்னா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். 'உயிரோடு இருக்கிறார்' என்று பதிய அந்த டெப்லட்டில் இடமே இல்லை. உம்மு அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். மௌத்தானவரைப் பற்றி அப்படி என்னதான் கேட்பார்கள் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்றாள் அப்னா. உம்மு உடனே விரலால் கையெழுத்துப் போட்டார். தன்னுடைய சம்மதம் வேண்டாமா என்று ஜவுபர் கேட்டார். மௌத்தானவர் கையெழுத்திட இதில் பெட்டி இல்லை என்று அப்னா தயங்கியபடி சொன்னாள்.

முதல் கேள்வி, புகைப்பாரா என்பது. விட்டு நான்கு வருடமாகிறது என்றார் ஜவுபர்.

"மௌத்தானவர் கதைக்கேலா. என்னக் கேளுங்க புள்ள," என்றார் உம்மு. "தோணிக்குப் பின்னால நிண்டு சிகரட் பத்துறாரு. எனக்குத் தெரியாதெண்டு நெனப்பு."

ஜவுபர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருமல் இருந்ததா? இரண்டு மாதமாக. மெலிந்தாரா? சாரன் இடுப்பில் நிற்பதில்லை, பெல்ட் கட்டுகிறார். வியர்த்ததா? தலையணை நனைந்துபோகிறது. ஒவ்வொரு பதிலையும் சொல்லச் சொல்ல உம்முவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அப்னா டெப்லட்டை மடியில் வைத்தாள்.

"மாமா, இத நான் பதிய மாட்டன். நீங்க நாளைக்கே எக்ஸ்ரே எடுக்கணும்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தன் வாப்பாவும் இப்படித்தான் இருமி மௌத்தானதாகவும், அந்தப் பயத்தில்தான் டொக்டரிடம் போகாமல் இருந்ததாகவும் ஜவுபர் முதன்முறையாகச் சொன்னார். உம்மு ஆட்டோவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

காசநோய். ஆறு மாதம் தவறாமல் மாத்திரை எடுத்தால் குணமாகும் என்றார் டொக்டர். பழைய படத்திலேயே ஒரு சிறு தழும்பு இருந்ததாம். போன வருடம் மறுபடி எடுக்க ஆராய்ச்சிக் குழு அவரை அழைத்திருக்க வேண்டும், ஆனால் மௌத்தானவருக்கு யார் கடிதம் போடுவார்கள்?

ஆராய்ச்சிக் குழுவின் தலைவி வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். இந்தப் பிழையைத் தங்கள் அறிக்கையில் சேர்க்கலாமா என்றும் கேட்டார். ஜவுபர் மூன்று பக்கச் சம்மதப் படிவத்தையும் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கும்வரை அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பட்டியலைத் தெருத்தெருவாகச் சரிபார்த்த அப்னா, இன்னும் மூன்று பேரை உயிரோடு கண்டுபிடித்தாள்.

ஆறு மாதம் கழித்து ஜவுபரின் நெஞ்சு சுத்தமாகிவிட்டது. பட்டியலில் இருந்து பெயரை எடுக்கத்தான் கிராம சேவகரின் கடிதம் தேவைப்பட்டது. கிராம சேவகர் அவரை முன்னால் நிற்கவைத்து, மேலும் கீழும் பார்த்து, 'மேற்படி நபர் உயிருடன் இருப்பதை நேரில் கண்டேன்' என்று எழுதி முத்திரை குத்தினார். உம்மு அதில் இரண்டு பிரதி எடுத்து அலுமாரியில் வைத்திருக்கிறார்.