கரண்டு போனதால் தப்பித்தேன்

பங்காருபாளையம் ரோட்டோரத்தில் எங்கள் மாந்தோப்பு, வீடும் அதற்குள்ளேயே. மகன்கள் இருவரும் பெங்களூருக்கு வேலைக்குப் போன வருடம், கிணற்று மோட்டாரை யாரோ திருடிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில், காட்டுப்பன்றிக்குச் சிலர் செய்வதுபோல, ராத்திரியில் வேலிக் கம்பிக்குக் கரண்டு கொடுத்தேன்.

"மனுஷன் செத்தா இன்னா பண்ணுவ?" என்றாள் மனைவி.

"ராத்திரில நம்ம வேலியத் தொடறவன் திருடன்தான். சட்டம் நம்ம பக்கம்" என்றேன்.

புரட்டாசியில் ஒருநாள் விடியற்காலை கரண்டு போயிருந்தது. வேலியோரம் யாரோ கூப்பிட, டார்ச் அடித்தேன். திருப்பதிக்கு நடந்து போகும் மஞ்சள் புடவை அம்மா ஒருவர், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ராவெல்லாம் நடந்துக்கினு வரோம், கொஞ்சம் தண்ணி குடு நைனா."

முதலில் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். பிறகுதான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைக் கும்பிட்டார்.

அன்றே ஒயரைப் பிடுங்கினேன். சித்தூரில் ஒரு வக்கீலைக் கேட்டபோது, "திருடனே செத்திருந்தாலும் நீதான் உள்ள போயிருப்ப. வேலியத் தொட்டதுக்கு உயிர எடுக்க யாருக்கும் உரிமை இல்ல" என்றார்.

இப்போது வேலிக்கு வெளியே விளக்கும் தண்ணீர்க் குழாயும் வைத்திருக்கிறேன். குடித்தவர்கள் கும்பிட வந்தால் மட்டும், நான் வீட்டுக்குள் போய்விடுகிறேன்.