கப்பல் படத்தில் என் முகம்

தான் பிறக்கும் முன்பே கடலோடு போய்விட்ட தகப்பனின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அம்மாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். துரைமார் குடும்பங்கள் உல்லாசமாகப் போய்வந்த கப்பலில் அவருக்கு எடுபிடி வேலை. எங்கள் வீட்டில் செத்தவர்கள் எல்லோருக்கும் சாமி மாடத்தில் படம் உண்டு. அவருக்கு மட்டும் ஒரு செம்புத் தண்ணீர்.

தொண்ணூறுகளின் நடுவில், பர்மாத் தலைநகரின் பன்சோடான் தெரு நடைபாதைக் கடையில் அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ் ஒன்று கிடைத்தது. ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊரான டாலாவுக்குத் திரும்பும் படகில் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கப்பலின் மேல்தளம். சாய்வு நாற்காலிகளில் துரைகளும் துரைசானிகளும், மடியில் ஒரு நாய்க்குட்டி. பின்னால் ஒரு தலைப்பாகை ஆள். நாற்காலியைப் பிடித்திருந்த இடது கையில் சுண்டுவிரல் இல்லை. என் பாட்டனுக்கும் அப்படித்தான் என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். 

ஆனால் முகம் வெறும் புகை. பழைய கேமராவுக்கு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். நாய்க்குட்டியைக்கூடப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இவரிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நெகட்டிவைப் படமாக்கிய பர்மிய ஸ்டூடியோக்காரர், "பேரன்தானே நீ? உன் முகத்தையே ஒட்டிவிடலாம்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மீசை வரைந்து, தலைப்பாகைக்குக் கீழே என்னைப் பொருத்திக் கொடுத்தார்.

ஒட்டியிருப்பது என் முகம் என்று சொல்லித்தான் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மாடத்தில் சாய்த்து வைத்து, செத்தவர்களுக்கு வைக்கிற மாதிரி நெற்றியில் குங்குமம் வைக்க விரலை நீட்டினாள். என் மனைவி பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"அத்தை, வேண்டாம்! உசுரோட இருக்கிறவரு முகம் அது."

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். கடைசியில் நாற்காலியைப் பிடித்திருந்த அந்தக் கையில் பொட்டை வைத்தாள்.

"இதுதான் எங்கப்பா. மத்தது வேணாம்."

அம்மாவும் போய்விட்டாள். அமாவாசைக்கு அமாவாசை இப்போது நான்தான் பொட்டு வைக்கிறேன், அவளுக்கு நெற்றியில், பாட்டனுக்குக் கையில். நிமிர்ந்தால் துரைசானிகளுக்குப் பின்னாலிருந்து நானே என்னைப் பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அந்த நெற்றியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன். அதில் என் மகன் பொட்டு வைப்பான்.