சேவுகம்பட்டிக் கொட்டகையில் ஆம்பளைகள் அழுத கதை

உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்கள் அனுப்பிவைத்த புத்தகங்கள் நாலைந்து என் மேசையில் கிடக்கின்றன. ஒன்று, யுத்த காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களைப் பற்றியது. இன்னொன்று, சினிமாவையும் ஆம்பளைத்தனத்தையும் பற்றியது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மீதி எழுத்தைச் சினிமா நோட்டீஸில்தான் கற்றேன். இருந்தும் எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தேன். திண்டுக்கல் பக்கத்து ஆண்கள் கத்திச்சண்டை பார்க்க மட்டுமே கொட்டகைக்குப் போனார்கள் என்று அந்தச் சினிமாப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவர் படித்தவர். நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவன். அவர் எழுதியது தப்பு.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தவன்தான். பழைய ஆபரேட்டர் காய்ச்சலில் படுத்த அன்று, யாரும் சொல்லித்தராமல், பார்த்த கண்ணை வைத்தே படத்தை ஓட்டிக் காட்டினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் தனியாக மெஷின் ஓட்டியவன் மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். மறுக்கிறவர்கள் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

சேவுகம்பட்டியில் கொட்டகை போட்டிருந்தோம். மணல் தரையில் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் இடுப்பளவு மண்சுவர். எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்தால் லைட்டைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். ஒரு படத்துக்குள் நாலு தடவை கொட்டகை வெளிச்சமாகும்.

அந்தத் தடவை வந்தது அழுகைப் படம். யுத்தத்துக்குப் போன மகனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் தாயின் கதை. முதல் நாள் நல்ல கூட்டம். பாதிப் படத்தில் ரீல் முடிந்தது. டக்கென்று லைட்டைப் போட்டேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒருவர், மீசைக்கு ஊரில் பேர்போனவர், கன்னமெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கொழுந்தியாள் முறை வரும் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள்.

“அடியே, மச்சான் மீசைக்குத் தண்ணி பாய்ச்சுறாருடி! கொடிக்காலுக்குக் கொஞ்சம் மிச்சம் வையிங்க மச்சான்!”

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. மறுநாள் ஆண்கள் பக்கத்து மணலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. டீக்கடையில் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். “அது பொம்பளைப் படம்ப்பா. கத்திச்சண்டை வந்தாச் சொல்லு, வாரோம்” என்றார்கள். கூட்டிவர ஆள் இல்லாமல் பெண்களும் குறைந்தார்கள்.

மொதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏலே, லைட்டப் போடுறதுக்கு முன்னாடி ஒரு கனைப்புக் கனைச்சா என்ன? சனிக்கிழமைக்குள்ள ஆம்பளைங்க வரலேன்னா கொட்டகையப் பிரிச்சு நெய்க்காரப்பட்டிக்குப் போயிருவோம். அங்க என் மச்சினன் மெஷின் ஓட்டுவான். நீ பழையபடி வாசல்ல நின்னு டிக்கெட்டக் கிழி.”

மெஷினைத் தொட்ட கையால் மறுபடி டிக்கெட் கிழிப்பதா? அந்த ஆத்திரத்தில்தான் ஒரு யோசனை வந்தது. வேறு எவனுக்கும் வந்திருக்காது. மாட்டுவண்டியில் விளம்பரத் தட்டி கட்டி, தப்பு அடித்து, நானே கூவிக்கொண்டு போனேன்.

“இந்தப் படத்த அழாமப் பாக்குற ஆம்பளை சேவுகம்பட்டியில இருக்கானா? இருந்தா, கொட்டகை பிரிக்கிற வரைக்கும் நாற்காலியில உக்காந்து ஓசிப் படம்! தீர்ப்புச் சொல்றது நம்ம பட்டாளத்தார்!”

பட்டாளத்தார் பர்மா யுத்தத்திலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர். அவர் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. கமலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவரை முந்தின நாளே தோட்டத்தில் போய்ப் பார்த்திருந்தேன்.

“என்னத்தப் பாக்கணும்?”

“ஆம்பளைங்க கண்ணைப் பாக்கணுங்கய்யா.”

“படத்தையும் பாக்கணுமா?”

“படம் உங்க முதுகுக்குப் பின்னாடி ஓடும்.”

“அப்பச் சரி, வாரேன்.”

சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு மணல் தெரியவில்லை. திரைக்குக் கீழே முக்காலி போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்தார். திரை வெளிச்சத்தில் அவருக்கு எல்லார் முகமும் தெரியும். ஒருத்தன் தொடையைக் கிள்ளிக்கொண்டான். ஒருத்தன் பச்சைக் கீரைத்தண்டை மென்றான். கொடிக்கால்காரர் கூரைக் கீற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.

தபால்காரர் கடிதம் படிக்கும் இடம் வந்தது. தாய் கேட்கிறாள்: “இன்னொருக்காப் படிங்கய்யா.” ரீல் முடிந்தது. கனைக்கலாமா, செத்த நேரம் பொறுக்கலாமா என்று சுவிட்சில் கை நின்றது. போட்டேன்.

ஆண்கள் பக்கத்தில் ஒரு கண்ணிலும் ஈரமில்லை. எல்லாம் கல்லுப் பிள்ளையார் மாதிரி. முக்காலியில் இருந்தவருக்குத்தான் கண்ணீர் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

கொடிக்கால்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “என்ன பட்டாளத்தாரே, பாத்தவன் அழல, பாக்காத நீங்க அழுறீக?”

“பர்மாக் காட்டுக்குள்ள நடந்து வாரப்ப கூட ஒருத்தன் காய்ச்சல்ல விழுந்துட்டான்” என்றார் பட்டாளத்தார். “ஆத்தாளுக்கு ஒரு லெட்டர் எழுதுங்கண்ணேன்னான். எனக்கு ஏது எழுத்து? அவன் சொல்லச் சொல்லத் தாள்ல கோடு கோடாக் கிறுக்குனேன். படிச்சுக் காட்டுங்கண்ணேன்னான். அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். நிம்மதியாக் கண்ண மூடிட்டான். அந்த ஆத்தாளுக்கு ஒண்ணும் போய்ச் சேரல.”

அவர் முக்காலியை விட்டு எழுந்தார்.

“அன்னைக்கு நானும் அழுதேன், கூட வந்த அம்புட்டுப் பேரும் அழுதாங்க. எல்லாம் துப்பாக்கி வச்சிருந்த ஆளுக. தம்பி, லைட்ட அமத்து. படம் போகட்டும்.”

சொல்லிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆண்களோடு ஆணாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். போட்டியை நடத்த ஆளில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை. அடுத்த ரீலில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மெஷின் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது. மறுபடி லைட்டைப் போட்டபோது யாரும் முகத்தை மறைக்கவில்லை. அந்தக் கொழுந்தியாள் சுவருக்கு மேலே எட்டி, “எனக்கும் மூக்கடைச்சுப் போச்சு மச்சான்” என்றாள். கொடிக்கால்காரர் அழுதுகொண்டே சிரித்தார்.

படம் மூன்று வாரம் ஓடியது. வத்தலக்குண்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சிலர் ரெண்டாம் தடவை, மூன்றாம் தடவை. எல்லாம் மீசைக்காரர்கள். கடைசி வாரம் மொதலாளி மெஷின் ரூமுக்குள் வந்தார். மெஷின் விளக்கில் எரியும் கார்பன் புகைக்குப் பயந்து அவர் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

“மச்சினன வரவேணாம்னுட்டேன்லே. அடுத்து கொட்டகை பாலசமுத்திரத்துல. மேனேஜரா நீயே இரு. மதுரைக்குப் போயிப் படப் பெட்டியும் நீயே எடுத்துட்டு வா.”

“கத்திச்சண்டைப் படமா மொதலாளி?” வேண்டுமென்றே கேட்டேன்.

“அடப் போடா. அழுகைப் படமா, நல்லதாப் பாத்து எடு.”

மறுநாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில், பெரிய மனுஷர்கள் உட்காரும் முன்சீட்டில் போய், யாரையும் கேட்காமல் உட்கார்ந்தேன்.