தெர்மோஸ்டாட் பூட்ட வந்தவர்

லண்டனில், பிளேஸ்டோவில் தனியாக இருக்கும் அப்பா, நிமோனியா வந்து தேறிய பிறகும் ஹீட்டிங்கை நிறுத்திவிடுவார். நகரின் வடக்கே எட்மண்டனில் உள்ள என் வீட்டிலிருந்து போனிலேயே அதைப் போடலாம் என்று ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கினேன்.

அதைச் சுவரில் பூட்டும் நாளில் நானும் அப்பா வீட்டுக்குப் போனேன். பூட்ட வந்தவர் ஒல்லியானவர், நரைத்த மீசை. கனத்த பூட்ஸை வாசலிலேயே கழற்றினார். காலுறையில் பெருவிரல் தெரிந்தது. சுவரிலிருந்த பழையதைத் தொடாமல் என்னிடம் கேட்டார்.

“தங்கச்சி, ஐயாவிட்டைக் கேட்டனீங்களோ?”

“அவருக்கு இதெல்லாம் விளங்காது அண்ணை.”

“குளிருதோ எண்டு அவருக்கு விளங்கும்தானே.”

அப்பாவின் நாற்காலியருகே குந்தினார். “ஐயா, மகள் தன்ரை வீட்டிலையிருந்தே இஞ்சை சூட்டைக் கூட்டுவா, குறைப்பா. பூட்டட்டோ?”

அப்பா என்னைப் பார்த்தார். “கூட்டட்டும் தம்பி. குறைக்கிறது நான்தான்.”

அதன்பிறகே அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அப்பா வேண்டாமென்றிருந்தால், என்னைக் கேளாமல், அவர் அதைப் பூட்டாமலே போயிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.