படித்துக் காட்டாத புகார்

சித்தூர் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் எனக்கு முதல் வகுப்பு. இருபது வருஷம் ஸ்டேஷனில் சத்தம் போட்டுப் பழகியவன், அன்றுதான் சாக்பீஸைக் கையில் எடுத்தேன். எதிரே நாற்பது ரெக்ரூட்டுகள். காலைப் பரேடு முடித்த களைப்பில் பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. அந்த அறையையும் அந்தப் பிள்ளைகளையும் நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

"புகாரை எழுதினால் போதாது. கொடுத்தவருக்குப் புரியும்படி படித்துக் காட்டி, அப்புறம்தான் கைநாட்டு வாங்க வேண்டும்" என்று தமிழும் தெலுங்குமாக ஆரம்பித்தேன்.

பலமனேர்க்காரன் ரெட்டெப்பா எழுந்தான். வாய் அடங்காதவன்.

"ஸ்டேஷன்ல அதுக்கெல்லாம் டைம் எக்கட உந்தி, எங்க இருக்கு சார்? நீங்க எல்லாருக்கும் படிச்சிக் காட்டினீங்களா?"

காட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு முறை அப்படிச் சொன்னவன்தான் நான். இரண்டாம் முறை வாய் வரவில்லை.

அது பல வருஷத்துக்கு முன்னால் நடந்தது. எல்லை பிரித்து, எங்கள் ஸ்டேஷன் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஆந்திராவுக்கு வந்த புதிது. ரெக்கார்டெல்லாம் தெலுங்குக்கு மாறிவிட்டது. நான் அங்கே ரைட்டர், அதாவது புகார் எழுதும் ஏட்டு. கன்னியம்மாள் என்ற பெண், மாட்டைக் காணோம் என்று வந்தாள்.

"பக்கத்து வூட்டு கோயிந்தன் அந்தாண்ட நின்னுக்கினு இருந்தான் ஐயா. ஓட்டிக்கினு போனது யாருன்னு தெரியாது" என்றாள்.

கேஸ் சீக்கிரம் முடியுமே என்ற அவசரத்தில், கோவிந்தன் ஓட்டிப் போனான் என்றே தெலுங்கில் எழுதினேன். படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கினேன். கோவிந்தன் நாற்பது நாள் சப்-ஜெயிலில் கிடந்தான்.

கோர்ட்டில் அவள், "நான் அப்டி சொல்லவே இல்ல சாமி" என்று அழுதாள். மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார்.

"படித்துக் காட்டினீரா?"

"காட்டினேன் ஐயா."

கோவிந்தனை விட்டுவிட்டார்கள். பொய்ப் புகார் கொடுத்தவள் என்ற பேர் அவளுக்கு. எனக்கு ஒரு மெமோ கூட வரவில்லை.

இதை அப்படியே வகுப்பில் சொன்னேன். ஒருவனும் தூங்கவில்லை. ரெட்டெப்பா குரலை இறக்கிக் கேட்டான்.

"அந்த அம்மாகிட்ட இத சொன்னீங்களா சார்?"

பயல் சரியான இடத்தில் பிடித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி, புத்தூரில் மாறி, அவள் ஊருக்குப் போனேன். கன்னியம்மாளுக்குத் தலை நரைத்திருந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை கையிலிருந்த களைக்கொத்தை அவள் கீழே வைக்கவில்லை.

"நான் இன்னா சொன்னேன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்டயே வந்து சொல்லிக்கினு இருக்கிற. கோயிந்தன் பொண்டாட்டி இன்னி வரைக்கும் என் மொகத்த பாக்கல. அவகிட்ட போய் சொல்லு."

பக்கத்து வீடு பத்தடிதான். எத்தனையோ வீடுகளுக்குச் சம்மன் கொண்டுபோனவன் நான். அந்தப் பத்தடியை நடப்பதற்குள் இரண்டு முறை நின்றேன். கோவிந்தன் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவன் மனைவி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். எனக்குப் பின்னால் வந்து நின்ற கன்னியம்மாளைப் பார்த்தாள்.

"உள்ள வாக்கா."

இருவரும் உள்ளே போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அதன்பின் தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுக்கச் சொன்னபோதெல்லாம் நான் நோட்ஸ் எடுத்துப் போனதில்லை; இந்தக் கதையைத்தான் சொன்னேன். தன் தப்பை வகுப்பில் ஒப்புக்கொள்வது பாதி வேலைதான். அது யார் தலையில் விழுந்ததோ, அவர்கள் வாசலில் போய் நின்று சொல்ல வேண்டும். எனக்கு அது பிந்தித்தான் புரிந்தது; கோவிந்தனுக்கு என் வார்த்தை எட்டவே இல்லை.